பந்தயத்துக்குப் போன பெண்ணும் பார்க்காமல் விட்ட பூவும்

2018 செப்டம்பரில் கோடைக்கானலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி அந்த வருஷம் பூத்திருந்தது. அக்கா மகளின் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் டீச்சரோடு வேன் வைத்துக்கொண்டு பூப் பார்க்கப் போனார்கள். அவள் மட்டும் போகவில்லை. அன்றைக்குத்தான் திண்டுக்கல்லில் அவளுக்கு மாவட்டத் தடகளப் போட்டி. விடியற்காலை பஸ் பிடித்துப் போய், 1500 மீட்டரில் இரண்டாவதாக வந்து, ராத்திரி ஒன்பதரை மணிக்குத் திரும்பினாள். சர்டிபிகேட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, சாப்பிடாமல் கம்பளிக்குள் சுருண்டுகொண்டாள்.

"பூதானேடி! அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள் அக்கா.

"அடுத்த தடவை 2030-ம்மா. எனக்கு இருபத்தஞ்சு வயசாயிடும். இவளுங்க எல்லாம் அப்ப எங்கே இருப்பாளுங்களோ!"

பதின்மூன்று வயசுப் பெண் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். அக்காவுக்குப் பதில் வரவில்லை.

விளையாடும் பெண்ணை வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் எல்லா ஊரிலும் உண்டுதான். ஆனால் மலையில் அது இரட்டிப்பு. பள்ளிப் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறும். பிள்ளை ஒரு படி ஏற ஏற, பஸ் மலையை விட்டு இன்னும் தூரம் இறங்கும். கோடைக்கானலிலிருந்து திண்டுக்கல் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். வத்தலகுண்டு வரையில் வளைவுக்கு மேல் வளைவு. மன்னவனூர், பூண்டி, கவுஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கோடைக்கானலுக்கு வந்து சேருவதே தனிப் பிரயாணம். சமவெளிப் பெண் பந்தயம் முடிந்து சாயங்காலம் சிநேகிதி வீட்டுப் பிறந்த நாளுக்குப் போய்விடலாம். மலைப் பெண்ணுக்கு ஒரு பந்தயம் என்றால் ஒரு நாள் முழுக்கப் போச்சு, மறுநாள் பாதியும் தூக்கத்தில் போச்சு.

இப்படி ஒரு பருவத்தில் எட்டுப் பத்து சனி, ஞாயிறு போனால் என்ன ஆகும்? வகுப்பில் அவள் இல்லாதபோது ஒரு வேடிக்கை நடந்திருக்கும். திங்கட்கிழமை எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவளுக்குப் புரியாது. நாலைந்து தடவை இப்படி ஆனால், கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள். "அவளுக்கு மேட்ச் இருக்கும்டி" என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். அதில் பொறாமையோ கெட்ட எண்ணமோ கிடையாது. ஆனால் அடிபடுவது இவள் மனசு.

நம் தாய்மார்கள் பலர் இதை ஒரு நஷ்டமாகவே எண்ணுவதில்லை. 'ஊர் சுற்றாமல் இருக்கிறாளே, நல்லதுதானே' என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பையன் மேட்ச் ஆடிவிட்டு ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் அரட்டை அடித்துவிட்டு வந்தால் கேட்க மாட்டோம். பெண்ணுக்கு மட்டும் மைதானம், வீடு, புத்தகம், மறுபடி மைதானம். இந்த வட்டத்தில் சுற்றும் பெண் ஒருநாள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டியைப் பாருங்கள். 15 வயதில், 2011-ல் விம்பிள்டன் சிறுமியர் டென்னிஸ் பட்டம் வென்ற பெண். ஊர் ஊராகப் பிரயாணம், வீட்டைப் பிரிந்த ஏக்கம். 18 வயதில், 2014-ல் மட்டையைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டோடு இருந்தாள், பிரிஸ்பேன் குழுவில் சேர்ந்து கிரிக்கெட் ஆடினாள். 2016-ல் தானாகவே டென்னிஸுக்குத் திரும்பி, 2021-ல் விம்பிள்டன் மகளிர் பட்டத்தையும் வாங்கினாள். நம் பிள்ளைகள் எல்லாம் பார்ட்டி ஆகப் போவதில்லை. ஆனால் ஓய்வு கொடுத்தால் ஆட்டம் போய்விடும் என்று பயப்படுகிறோமே, அந்தப் பயத்துக்காகச் சொன்னேன். வாரத்தில் ஓரிரு நாளும், வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமும் பிள்ளையை அதன் முக்கிய ஆட்டத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2016-ல் சொல்லியிருக்கிறது.

அக்கா வீட்டில் என்ன செய்தார்கள்? அந்த ராத்திரிக்குப் பிறகு அக்கா ஒரு மாதக் காலண்டரைச் சமையலறைக் கதவில் மாட்டினாள். பந்தயத் தேதி தெரிந்தவுடன் அவள் சிவப்பில் குறிப்பாள். மகள் நீலத்தில் தன் நாட்களைக் குறிப்பாள்: சிநேகிதியின் பிறந்த நாள், பள்ளி ஆண்டு விழா, ஞாயிறு சாயங்காலம் ஏரியைச் சுற்றி நடை. பருவத்துக்கு இரண்டு நீல நாளை யாரும் தொடக்கூடாது என்று ஒப்பந்தம். அதில் ஒன்று ஆகஸ்ட் 14, 15-ல் வரும் சலேத் மாதா கோயில் திருவிழா. அவள் உயிர்த் தோழியின் வீட்டில் அன்றைக்கு விருந்து.

2019-ல் அதே ஆகஸ்ட் 15-ல் கீழே ஓர் அழைப்புப் போட்டி வந்தது. இவள் போகவில்லை. விளையாட்டு டீச்சருக்கு வருத்தம். அடுத்த மாதம் தொடர் ஓட்டக் குழுவில் இவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். பிறகு கொரோனா இரண்டு வருஷத்தை விழுங்கியது. மாநிலப் போட்டியை எட்டாமலே பள்ளிப் படிப்பு முடிந்தது. "அன்னிக்கு அனுப்பியிருக்கணுமோடி?" என்று அக்கா இன்னும் என்னிடம் கேட்கிறாள். என்ன சொல்வது? 2020-ல் மைதானமெல்லாம் பூட்டிக் கிடந்தபோது அந்தப் பெண்ணைப் பிடித்து நிறுத்தியது, தினம் சாயங்காலம் போன் பண்ணிய நாலு சிநேகிதிகள்தான். அதையும் அக்காதான் சொன்னாள்.

இனி உடம்பு விஷயம். இதில் கோட்டை விட்டால் விளையாட்டும் இல்லை, சிநேகமும் இல்லை. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலு மணி பஸ்ஸுக்கு எழுப்ப வேண்டுமென்றால் முந்தின ராத்திரி ஏழரைக்கே படுக்க வையுங்கள். மலைப்பாதையில் குமட்டும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்துப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் போன் கூடாது. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரைகள் பல தூக்கம் தருபவை. பந்தய நாளில் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஏழாயிரம் அடி உயரக் குளிரிலிருந்து திண்டுக்கல் வெயிலுக்கு இறங்கும் உடம்பு அதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஒரே நாளில் பழகாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், உப்புப் போட்ட மோர்; ஓடாத நேரமெல்லாம் நிழல். குளிருக்கு நாள் முழுக்க டீ குடிப்பது மலை வழக்கம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். பள்ளியில் வாரா வாரம் கொடுக்கும் நீல மாத்திரையைத் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் நின்றாலோ, 15 வயதாகியும் பெரியவளாகாவிட்டாலோ, 'ஓடுற பொண்ணுதானே' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

அக்கா மகள் இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் ஓடுகிறாள், பரிசுக்காக இல்லை. சிநேகிதிகள் நாலு பேரும் நாலு ஊர். 2030 குறிஞ்சிக்கு ஐந்து பேரும் கோடைக்கு வருவதாக ஏற்பாடாம். வேன் வாடகையை யார் கொடுப்பது என்பதில்தான் இன்னும் சண்டை தீரவில்லை.