கார் ஷெட்டில் ஒரு கம்ப்ரஸர்

ஓய்வு பெற்றபின் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "என் பழைய ஜாவாவுக்கு உயிர் கொடுக்கப் போகிறேன்" என்றே சொல்லி வந்தேன். 1996-இல் மூடப்பட்ட நம் யாதவகிரி ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது. தூசி ஊத, காற்றடிக்க, பெயின்ட் அடிக்க என்று கோவையிலிருந்து 2 குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஒன்றைத் தருவித்தேன்.

ஆர்வக்கோளாறில், ஹாலிலிருந்து முப்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து, டூ-பின் பிளக்கைச் செருகிவிட்டேன். மோட்டார் 'உம்'மென்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. மூன்றாம் முறை ஓடியது. அப்போது காபியுடன் வந்த என் மனைவி டாங்கில் கை வைத்துவிட்டு, "என்னங்க, கை சுர்ருங்குது!" என்று துள்ளினாள். ஓடிப்போய் அணைத்தேன். சுருட்டிக் கிடந்த ஒயர் இஸ்திரிப் பெட்டியாய்ச் சுட்டது.

மின்சாரத் துறையில் அனுபவமுள்ள நண்பர் ஒருவரிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"ஓடும்போது இது எடுப்பது சுமார் 10 ஆம்பியர்தான் சார். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கேட்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 50 ஆம்பியர் முப்பது மீட்டர் போனால், வழியிலேயே 35 வோல்ட் தொலைந்துவிடும். எர்த் இல்லாததால் கசிந்த மின்சாரம் உங்கள் வீட்டம்மா உடம்பு வழியாகப் போகப் பார்த்தது" என்றார்.

தூரம் மின்சாரத்தைத் தின்னும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து, நம் தமிழர்கள் ஏராளமாக உழைத்த கோலார் தங்கவயலுக்கு, சுமார் 147 கிலோமீட்டர் மின்சாரம் போனது. இழப்பைக் குறைக்கவே அதை உயர் அழுத்தத்தில் அனுப்பினார்கள். வீட்டில் அது முடியாது; ஒயரைத்தான் தடியாக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தோட்டத்தில் எட்டடிக்கு மேல் ஜி.ஐ. குழாய் இறக்கிப் புது எர்த். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வீட்டுக்கு அனுமதித்த லோடு போதுமா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

கம்ப்ரஸரை ரப்பர் மேல், சுவரை விட்டுத் தள்ளி வைத்தோம். அழுத்தம் நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும். உடனே 'புஸ்'ஸென்று காற்று வரும். பயப்பட வேண்டாம். அந்தச் சத்தம் வராவிட்டால்தான் கோளாறு: அடுத்த முறை மோட்டார் பாரத்தோடு கிளம்பத் திணறும். தினமும் வேலை முடிந்ததும் டாங்கின் அடியிலுள்ள தண்ணீரைத் திறந்து விடுங்கள். உள்ளே துருப்பிடித்த டாங்க் வெடிக்கும். சேஃப்டி வால்வைத் தொடவே வேண்டாம். சுவிட்சில் தீப்பொறி எழும் என்பதால், தின்னர் வாடை படும் இடத்தில் கம்ப்ரஸரை வைக்கக் கூடாது.

ஒயருக்கும் எர்த்துக்கும் ஆன செலவைப் பார்த்து முதலில் நான் முகம் சுளித்தது உண்மை. இப்போது என் மனைவி காபி டம்ளரை அந்த டாங்கின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் செலவு மறந்து போகிறது.