விழுந்தால் வீட்டுக்கா? லாட்டரியும் மைசிரும்

"ஹஜ்ரத், கேரளா சீட்டில் பரிசு விழுந்தால் பாதியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுகிறேன். கூடுமா?"

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒரு சகோதரர் நம்மிடம் இப்படிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. மகள் திருமணத்திற்கு வாங்கிய கடன் அவர் கழுத்தை நெரிக்கிறது.

அரசுகளும் இதையேதான் சொல்லிச் சீட்டு விற்றன. 1967இல் கேரளாவில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாஹிப் அரசு லாட்டரியைக் கொண்டு வந்தார். (ஒரு முஸ்லிம் அமைச்சர் கையாலேயே அது தொடங்கியதில் நமக்கு வருத்தம்தான்.) சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். 1968இல் அண்ணாவின் அரசு தமிழ்நாட்டிலும் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். அறியாமைக் கால அரபுகளின் மைசிரும் அப்படித்தான் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடுவார்கள். ஏழையின் வயிறு நிறைந்தது உண்மை. அந்தப் பலனைத் திருக்குர்ஆன் மறுக்கவில்லை. பலனைவிடப் பாவமே பெரிது என்கிறது (2:219). பிறகு பகைமையையும், தொழுகையை விட்டுத் தடுப்பதையும் காரணமாகக் காட்டி அடியோடு விலக்கியது (5:90, 91).

அமெரிக்காவிலும் 1776இல் விடுதலைப் போர்ச் செலவுக்கு லாட்டரி நடத்தினார்கள். 1833இல் பென்சில்வேனியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் அதை ஒழித்தன.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை விதித்தது. ஆனால் புளியரையைத் தாண்டினால் கேரளா. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்துத் திருட்டுத்தனமாக நடக்கும் ஆட்டம் அதைவிட மோசம். மூன்று இலக்கத்தில் 1000 எண்கள். கட்டியவருக்கு உரியது அதில் ஒன்று. ஏமாற்றப்பட்டால் காவல் நிலையத்தில் சொல்லவும் முடியாது, அதுவே குற்றம்.

எனவே கூடாது என்றே பதில் சொன்னோம். நன்மையை நாடி ஹராமான பணத்தைத் தர்மம் செய்ய முடியாது. ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டால், தவ்பா செய்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து அதிலிருந்து விலக வேண்டும்.

பிறகு கடன் எவ்வளவு என்று கேட்டோம். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (9:60). நமது மஹல்லாவின் ஜகாத் பட்டியலில் அவர் பெயர் இதுவரை இல்லை.