செக் கலைக் கண்ணாடி: அடிப்பாகம் சொல்லும் செய்தி

பழம்பொருள் வணிகத்தில் 'பொஹீமியக் கண்ணாடி' என்றாலே விலை உயர்ந்துவிடுகிறது. இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதியாகிய பொஹீமியா, பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நிலம். ஐதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் அதன் கலைப்பொருள்களைக் காணலாம். இத்தகைய பொருள்களைச் சேகரிக்க விழையும் வாடிக்கையாளர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய சிலவற்றை இங்கே விளக்குகிறோம்.

முதலில் நாட்டின் பெயர். 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென விதித்தது. அக்காலத்தில் பொஹீமியா ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தமையால், 'ஆஸ்திரியா' என்றே பொறித்தனர். செக்கோஸ்லோவாக்கியா உருவானது 1918 அக்டோபரில். அது பிரிந்தது 1993 சனவரி முதல் நாளில். ஆகவே 'செக்கோஸ்லோவாக்கியா' என்னும் முத்திரை தாங்கிய குவளையை 1900ஆம் ஆண்டினது என்று ஒருவர் விற்க முற்பட்டால், அவர் கூற்றை முத்திரையே மறுத்துவிடும்.

கையெழுத்துக்கு அந்த அளவு நம்பகம் இல்லை. லோட்ஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். சூடான கண்ணாடியின்மேல் வண்ண இழைகளைச் சுற்றி, அலைபோல் இழுத்து, உலோக உப்புகளால் வானவில் பளபளப்பு ஏற்றிய அதன் படைப்புகள் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் உயர்பரிசு பெற்றன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை கையெழுத்து இல்லாமலேயே விற்பனையாயின. இக்குறையைப் பிற்காலத்தவர் சிலர் 'நிறைவு' செய்தனர். கிராலிக், ரிண்ட்ஸ்கோப்ஃப் முதலிய வேறு பட்டறைகளின் குவளைகளிலும் லோட்ஸின் பெயரைச் செதுக்கி விற்றனர். உருப்பெருக்கியால் அடிப்பாகத்தைப் பாருங்கள். பல்லாண்டுப் பயன்பாட்டுக் கீறல்கள் பல திசைகளில் ஓடும். உப்புத்தாளால் தேய்த்தவை ஒரே திசையில் செல்லும். பழைய கீறல்களை வெட்டிக்கொண்டு எழுத்துகள் செல்லுமாயின், அவை பின்னர் சேர்க்கப்பட்டவை.

வார்ப்புக் கண்ணாடியில் சிக்கல் வேறு. ஷ்லேஃபோக்ட் நிறுவனம் 1934இல் அறிமுகப்படுத்திய 'இங்கிரிட்' வரிசையின் அச்சுகள் போருக்குப் பின்னரும் பயன்படுத்தப்பட்டன. எனவே வடிவம் ஒத்திருப்பது வயதுக்குச் சான்றாகாது. புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்வதும் யுரேனியம் கலந்திருப்பதை மட்டுமே காட்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அத்தகைய கண்ணாடி உருவானதுண்டு.

புதிதாகத் தொடங்குவோர் 1960, 70களின் வார்ப்புக் குவளைகளை நாடுவதே நலம் என்பது எங்கள் கருத்து. விஸ்னர், யூர்னிக்கல் போன்ற தேர்ந்த கலைஞர்கள் வடிவமைத்தவை அவை. அன்றாடப் பயன்பாட்டிற்கென்றே பெருமளவில் உருவானவை. பலவற்றில் குறியேதும் இராது. பழைய தொழிற்சாலை விலைப்பட்டியல்களிலுள்ள படத்தோடும் அளவோடும் ஒப்பிட்டே அறிய வேண்டும்.

வாங்கியபின் பற்றுச்சீட்டையும், அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கங்களின் ஒளிப்படங்களையும் சேர்த்து வையுங்கள். வீட்டுக் காப்பீடு உடையும் கலைப்பொருள்களுக்குப் பொருந்துமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பெட்டகத்தில் சீட்டையும் படங்களையும் வைத்தால் போதும். குவளை ஒளிபடும் அலமாரியிலேயே இருக்கட்டும்.