தொங்கும் கதவும் தேய்ந்த கீலும்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நீளும் கடலோரப் பகுதியில் பேணப்பட்டுவரும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களின் வயதை எஞ்சினுக்கு முன்னதாகவே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கதவுதான். கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டியிருப்பதும், பூட்டு சரியாகப் பிடிக்காமல் உரசுவதும், கதவின் அடிவிளிம்பு படித்தகட்டில் இடித்துப் பெயின்ட்டைச் சுரண்டுவதும் ஒரே கோளாறின் வெவ்வேறு வெளிப்பாடுகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன. ஒன்று கார் உடற்கூட்டின் தூணிலும் மற்றொன்று கதவிலும் பொருத்தப்பட்ட இரண்டு தகடுகளும், அவற்றை ஊடுருவி நிற்கும் ஓர் உருக்கு ஆணியும் சேர்ந்ததே கீல். அந்த ஆணியோ, அது சுழலும் துளையோ தேயும்போது கதவு தொங்கத் தொடங்குகிறது.

கோயில் வாயில்களிலும் பழைய வீடுகளிலும் உள்ள குடுமிக் கதவு தன் எடையைக் கீழ்க்குழியில் இறக்கி வைத்துக்கொண்டு சுழல்கிறது. காரின் கதவோ பக்கவாட்டில் இரண்டே புள்ளிகளைப் பற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்குகிறது. கதவின் எடை 24 கிலோ, எடைமையம் கீலிலிருந்து 50 செ.மீ. தொலைவில், இரு கீல்களுக்கும் இடைவெளி 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மேல்கீலை வெளிநோக்கி இழுக்கும் விசையும் கீழ்கீலை உள்நோக்கி அழுத்தும் விசையும் தனித்தனியே 30 கிலோ எடைக்குச் சமமாகின்றன. இதே கணக்கில், மேல்கீலில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் ஏற்பட்டாலே, ஒரு மீட்டர் நீளக் கதவின் மறுமுனை இரண்டரை மில்லிமீட்டர் கீழிறங்கிவிடுகிறது. பூட்டு மாறி விழுவதற்கு அதுவே போதும். இருக்கையிலிருந்து எழுபவர் திறந்த கதவின் மேல் கையூன்றுவதால் கூடும் சுமை இக்கணக்கில் சேரவில்லை.

கதவு நீண்டிருந்தால் கீலின் பாடும் கூடுகிறது. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் வெளியிடத் தொடங்கிய ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைப் போலவே இரண்டு நீளக் கதவுகளைக் கொண்டிருந்தது; 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வடிவமும் வந்தது. இங்கிலாந்து வண்டியில் பின்கதவே கிடையாது என்பதால், அதற்குரிய உறுப்புகளை அங்கிருந்து வரவழைக்கும் வழி இந்த வண்டியின் உரிமையாளருக்கு அடைபட்டிருக்கிறது. 1950களின் இறுதியில் வங்காளத்தின் உத்தர்பாராவில் பிறந்து 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடருக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

உள்ளூர்த் தட்பவெப்பமும் கீலுக்குப் பகையாக நிற்கிறது. கடலூரின் தேவனாம்பட்டினத்திலும் முதுநகரிலும் வீசும் காற்றில் கலந்துவரும் உப்பு, இரும்பின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குலைத்துவிடுவதோடு ஈரத்தையும் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சக்கரம் வாரியடிக்கும் சேறு முன்பக்க மட்கார்டுக்கு உள்ளே படிந்து, கீல் பொருத்தப்பட்ட தூணின் அடிப்பகுதியைச் சத்தமின்றி அரிக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விடப்பட்ட துளைகள் மண்ணால் அடைபட்டால், கதவுக்குள் நீர் தேங்கி எடையும் கூடுகிறது, துருவும் பிடிக்கிறது.

எனவே எதைக் கழற்றுவதற்கும் முன், தேய்ந்தது ஆணியா, அரிக்கப்பட்டது தூணா என்று தெரிந்தாக வேண்டும். கதவைப் பாதியளவு திறந்து, அதன் வெளிமுனையை ஒருவர் மெல்லத் தூக்கி இறக்க, மற்றொருவர் கீலையே கவனித்தால் விடை கிடைத்துவிடும். கீலின் இரு தகடுகள் ஒன்றையொன்று விட்டு ஆடினால் தேய்மானம் ஆணியிலோ துளையிலோ உள்ளது. கீல் முழுவதுமாகத் தூணின் மீது அசைந்தால் ஸ்குரு தளர்ந்திருக்கிறது, அல்லது தூணின் தகடு உளுத்திருக்கிறது. உளுத்த தூணில் புதுக் கீலைப் பொருத்துவது வீண் செலவு. முதலில் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரிங் வேலை முடிய வேண்டும். தொங்கும் கதவைச் சரிக்கட்ட, பூட்டுப் பக்கத் தூணிலுள்ள கொக்கியைக் கீழே இறக்கிவைக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைப்பதாகும். சில மாதங்களில் கதவு மேலும் இறங்கிவிடும்.

ஆணிதான் குற்றவாளி என்றால் வேலை எளிதாகிறது. கீல் இருந்த இடத்தைச் சுற்றிக் கூரான ஊசியால் கோடு கிழித்து அடையாளம் செய்துகொண்டு, துணி சுற்றிய பலகையை ஜாக்கியின் மேல் வைத்துக் கதவின் எடையைத் தாங்கச் செய்த பிறகே ஸ்குருவில் கை வைக்க வேண்டும். துருவேறிய ஸ்குருவைப் பலம் கொண்டு திருகினால் தலை சிதைந்துபோகும் என்பதால், முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெயில் ஊறவிட்டு, சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவரால் தளர்த்துவது நல்லது. பழைய ஆணியை அடித்து வெளியேற்றியதும், நீள்வட்டமாகிவிட்ட துளையை ரீமரால் மீண்டும் வட்டமாக்கி, அதற்கேற்பச் சற்றுப் பருமனான புது ஆணியை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். தகட்டில் இடமிருந்தால் துளையை இன்னும் அகலமாக்கி வெண்கலப் புஷ், அதாவது ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே செருகப்படும் சிறு குழல், வைப்பது மேலானது. மலிவான புஷ் தேய்ந்து, கிடைத்தற்கரிய கீல் தப்பிப் பிழைக்கும் ஏற்பாடு அது. ஆயினும் உப்பு ஈரத்தில் வெண்கலமும் இரும்பும் ஒட்டியிருந்தால் இரும்பு விரைந்து அரிபடும் என்பதால், இப்பகுதியில் அந்த இணைப்பு ஒருபோதும் எண்ணெயின்றிக் காயக்கூடாது.

தகடே விரிசல் கண்டிருந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுபவர், இடம் வலம், மேல் கீழ் என ஒவ்வொரு கீலும் வேறுபடக்கூடும் என்பதை மறவாமல் பழையதைக் கையோடு கொண்டுசெல்வது நலம். வேறு வண்டியின் கீலை வெட்டி ஒட்டுவது கண்ணுக்கு உறுத்துவதோடு, சட்டத்தின் கண்ணிலும் படலாம்: 2021இல் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த வண்டி ‘விண்டேஜ்’ என்று பதிவு பெற, அதன் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். கீல் ஒன்றைப் பழுதுபார்ப்பது இதில் சிக்காது. தூணையே வெட்டித் திருத்தியமைப்பது கேள்விக்கு இடம் தரும்.

மீண்டும் பொருத்தும்போது, கிழித்த கோட்டின்படி கீலை வைத்து ஸ்குருக்களை அரைகுறையாக இறுக்கி, கொக்கியைக் கழற்றிய நிலையில் கதவைச் சாத்திப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வந்த பிறகே முழுவதும் இறுக்க வேண்டும். கொக்கியைக் கடைசியில்தான் கதவுக்கு ஏற்றபடி பொருத்த வேண்டும். கெட்டியான கிரீஸ் மணலையும் தூசியையும் பிடித்துவைத்து அரம்போல் ஆணியைத் தேய்ப்பதால், மாதம் ஒருமுறை சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு வழிந்ததைத் துடைத்துவிடுவதே இக்கரைக்குப் பொருந்தும். மழைக்காலம் முடிந்ததும் கதவின் அடித்துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுவதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.