போறணைக்குள் வார்ப்பிரும்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பழம்பொருள் விற்கும் கடைகளுட் புகுவோர், கறள் படிந்து கிடக்கும் கனத்த இரும்புத் தட்டுகள் சிலவற்றைக் காண்பர். ஒரே வார்ப்பில் ஆறு, எட்டு, பதினொன்று எனக் குழிகள் அமைந்த அவை, பார்வைக்குக் குழிப்பணியாரச் சட்டியை ஒத்தவை. ஆயினும் அடுப்பின்மேல் ஏற்றுவதற்கன்றி, போறணைக்குள்ளே வைத்துச் சிறு ரொட்டிகள் சுடுவதற்கென்றே வார்க்கப்பட்டவை. பொஸ்ரன் நகரத்து நதானியேல் வாட்டர்மன் என்பார் 1859ஆம் ஆண்டில் இத்தகைய தட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். பின்னர் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் கிறிஸ்வோல்ட் நிறுவனமும், ஒகையோவின் சிட்னி நகரில் வாக்னர் நிறுவனமும் இவற்றைப் பெருந்தொகையாக வார்த்தன. ஈரி நகரத்து ஆலை 1957இல் மூடப்பட்டது. இன்று சேகரிப்போர் தேடி அலைவது பெரும்பாலும் இவ்விரு பெயர்களையே.

இரும்பை ஏன் தேர்ந்தனர்? வெப்பத்தைக் கடத்துவதில் அது செம்புக்கும் அலுமினியத்துக்கும் பிற்பட்டதே. ஆனால் தடித்த வார்ப்பு ஒருமுறை சூடேறினால் அச்சூட்டை எளிதில் விடாது. புளிப்பும் சோடாவும் உடலுக்கு ஆகா எனக் கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் சிலர், தவிடு நீக்காத கோதுமை மாவை நீரில் மட்டும் கரைத்து, 'ஜெம்' என்னும் சிறு ரொட்டி சுட்டனர். வெறுந்தட்டை முதலிற் போறணையில் நன்கு காயவைத்து, அதன் பின்னரே கரைசலை ஊற்றுவர். குழியிற் பட்டவுடன் நீர் ஆவியாகி மாவை மேலெழுப்பும். தட்டு ஆறியிருந்தாலோ ரொட்டி கல்லாகும்.

பழந்தட்டுக்கு மதிப்பு ஏறவே, போலிகளும் தோன்றின. பழைய தட்டொன்றை மணலிற் பதித்து அச்செடுத்துப் புதிதாக வார்த்துவிடுவர். ஆனால் உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்களவு சுருங்கும். ஆதலால் நகல், மூலத்தினும் சற்றே சிறியதாயிருக்கும். அதன் மேற்பரப்பும் சொரசொரப்பாயிருக்கும். அளவுகோல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் எளிதில் ஏமாறார்.

போலியை வாங்கினால் நட்டம் பணத்தோடு போகும். ஈயம் பட்ட தட்டை வாங்கினாலோ உடல்நலமே கெடும். துப்பாக்கிக் குண்டும் தூண்டில் ஈயக்கட்டியும் செய்வோர், உருக்கிய ஈயத்தை ஊற்றி ஆறவைக்கக் குழித்தட்டுகளை நாடினர். 327 பாகை செல்சியசில் உருகும் ஈயத்துக்கு இதனினும் வாய்ப்பான அச்சு ஏது? அவ்வாறு பயன்பட்ட தட்டு கண்ணுக்கு நல்லதாகவே தோன்றலாம். கழுவினாலும் சுட்டாலும் அது உணவுக்கு உரியதாகாது. ஈயத்தை அறியும் சோதனையை, தேய்த்துத் துலக்குவதற்கு முன்னரே செய்தல் வேண்டும். தேய்க்கும்போது எழும் தூசியும் நஞ்சே. ஈயம் பட்டதென்று தெரிந்தால், அதன் விலை எதுவாயினும் அதில் மாவை ஊற்றலாகாது.

குற்றமற்ற தட்டு கிடைத்தபின், பழைய பிசுக்கை எரிப்பதற்கு அதை விறகு நெருப்பில் எறிவோர் உளர். அது பெருந்தவறு. தட்டு கோணிவிடும், இரும்பின் தோலும் செந்நிறமாகி, எண்ணெய் பற்றும் தன்மையை இழக்கும். கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் பிசுக்கு மட்டும் கழலும், இரும்புக்குத் தீங்கில்லை. கைக்கு மட்டும் உறை வேண்டும். கறளுக்கு நீர் கலந்த வினாகிரி போதும். நெடுநேரம் விட்டால் அது இரும்பையே தின்னத் தொடங்கும்.

அடுத்தது பழக்குதல். தோசைக்கல்லைப் பழக்கிய இல்லத்தரசிகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. எண்ணெயைப் பூசி, பூசவே இல்லை என்னுமளவுக்குத் துடைத்து, தட்டைக் கவிழ்த்து, 230 பாகை செல்சியஸ் அளவான சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பர். எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கடினமான கரும்படலமாக மாறும். சில தடவைகள் இவ்வாறு செய்தல் வேண்டும். எண்ணெய் மிகுந்தால் படலம் பசைபோல் ஒட்டும்.

பழக்கியது போதுமா என்பதைக் காட்டிக்கொடுப்பது சோளப்பொத்தி வடிவத் தட்டு. கிறிஸ்வோல்ட் வார்த்த 273ஆம் இலக்கத் தட்டில் ஏழு பொத்திகள் உண்டு. ஒவ்வொரு மணியும் தனித்தனியே தெரியும். படலம் சரியாக அமைந்திருந்தால், சூடான தட்டில் வெந்த சோளரொட்டி மணி மணியாக முழுமையுடன் கழன்று விழும். அமையாவிடில், ஒவ்வொரு மணிக்குழியிலிருந்தும் மாவை ஈர்க்கினாற் கிளறி எடுக்க நேரும்.