மலையூர் மாணாக்கரும் கொள்ளைநோயும்

கலாசாலையின் கதவை அடைத்துவிட்டால் அதன் கடமையும் உடன் அடைபட்டுப்போகிறதா என்ற கேள்வியை நாம் எழுப்ப விரும்புகிறோம். கொரோனாக் கொள்ளைநோய் அடங்கிச் சில வருஷங்கள் ஆய்விட்டன; இப்பொழுது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கக் கூடும். நோய் வாசலில் நிற்கும்போது யோசிக்க அவகாசம் இராது என்பதை 2020-ம் வருஷத்திலே நாம் எல்லோரும் கண்டோம். ஆகையால் இப்பொழுதே கேட்கிறோம்.

அவ்வருஷம் மார்ச்சு மாத மத்தியில் தமிழ்நாட்டுக் கலாசாலைகள் மூடப்பட்டன. விடுதிகளில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர் திரும்பினார்கள். 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது, பஸ்கள் நின்றன. நகரத்து மாணாக்கனுக்கு இது வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் கஷ்டம். ஆடலூர் போன்ற மலையூரிலிருந்து படிக்கப் போன பிள்ளைக்கோ கஷ்டம் வேறு விதமானது.

ஆடலூர், திண்டுக்கல் ஜில்லாவில் கீழ்ப் பழனிமலையைச் சேர்ந்த ஊர். காப்பியும் மிளகும் மலைவாழையும் அப்பக்கத்தாரின் ஜீவனம். சிறு விவசாயிகளும், தோட்டக் கூலிகளும், பளியர், புலையர் முதலிய மலைக்குடிகளும் வாழும் பிரதேசம். திண்டுக்கல்லிலோ பழனியிலோ காந்திகிராமத்திலோ படிக்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்கி வந்த ஏழைப் பிள்ளைக்கு விடுதிதான் வீடு. அங்கே மூன்று வேளைச் சோறு உண்டு. இரவில் படிக்க விளக்கு உண்டு. துக்கத்தைச் சொல்லிக்கொள்ளத் தோழன் உண்டு. விடுதி பூட்டப்பட்ட அன்றே இவையெல்லாம் ஒருங்கே போயின. வீட்டிலோ கூலியும் நின்றிருந்தது. இந்த நிலையில் ஒரு வாலிபனுடைய தேகமும் மனமும் என்ன ஆகும் என்பதை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சர்வகலாசாலை மானியக் குழுவினர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலிலேயே மாணாக்கரின் மனநலத்தைக் குறித்து அவர்கள் ஒரு சுற்றறிக்கை விடுத்தார்கள். ஆலோசனை கூற டெலிபோன் வசதி அமைக்க வேண்டும். விடுதிக் காப்பாளரோ மூத்த ஆசிரியரோ தலைமை வகிக்கும் உதவிக் குழுக்களை ஏற்படுத்த வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் விடுதி காலியாகக் கிடக்க, அதன் காப்பாளர் யாரைக் காப்பது? உதவி தேவைப்பட்ட பிள்ளை மலைமேல் இருந்தான். ஜூலையில் மத்திய சர்க்கார் 'மனோதர்ப்பண்' என்ற பெயரால் ஓர் ஆலோசனை ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பெயர் அழகானது. டெலிபோனில் பேசக் கோபுரத்தின் அலை எட்ட வேண்டுமே! அலை தேடிக் கரட்டின்மேல் ஏறுவது மலையூர்களில் வழக்கமாயிற்று. யானை நடமாடும் தோட்டத்து வழியில் மாலை வேளையில் கைபேசியும் கையுமாக நிற்பதைக் கல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு சர்க்கார் 2021 ஜனவரியில், 9,69,047 மாணாக்கருக்கு ஏப்ரல் வரையில் தினம் 2 ஜி.பி. இணைய வசதி இலவசம் என்று அறிவித்தார்கள். இதைக் குறைகூற மாட்டோம்; அலை எட்டிய இடத்தில் அது பேருதவியே. ஆனால் கலாசாலைகள் மூடிப் பத்து மாதங்களுக்குப் பின்பு வந்த உதவி அது.

பரீட்சை விஷயம் இன்னும் மோசம். கடைசி வருஷப் பரீட்சை நடக்குமா, நடக்காதா? ஜூலையில் நடத்தலாம் என்று ஏப்ரலிலே சொன்னார்கள். செப்டம்பர் முடிவுக்குள் நடத்தியே தீரவேண்டும் என்று ஜூலை 6-ந் தேதி சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, தீர்ப்பு ஆகஸ்டு 28-ந் தேதி வந்தது. அந்த ஐந்து மாதமும் தூக்கமின்றிக் கழித்த வாலிபர் எத்தனை பேர்! நிச்சயமின்மையும் ஒரு வியாதிதான். அதைப் பரப்பியது கிருமியன்று.

2020 டிசம்பர் 7-ந் தேதி இளங்கலைக் கடைசி வருஷத்தாருக்குக் கதவு திறந்தது. கீழ்ப் பழனிமலையில் அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். இடையிலே கூலிக்குப் போய்ப் பழகிவிட்ட பிள்ளை, கைக்கு வரும் காசை விட்டு மலையிறங்குவது லேசான காரியமா? பெண்பிள்ளையின் சங்கதி அதனினும் கடினம். படிப்பு நின்ற வீட்டில் கல்யாணப் பேச்சு எழ நாட்கள் பிடிப்பதில்லை. இவர்களில் திரும்பி வந்தவர் யார், வராதவர் யார் என்று பெயர் பெயராக விசாரிப்பது கலாசாலையின் கடமை என்பது நமது அபிப்பிராயம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விடுதிகளைத் திறந்துவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அதே டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. எல்லோரும் ஒரே உணவுக்கூடத்தில் கூடியதே காரணமென்று அப்போது பேசப்பட்டது. அத்தனை வசதி பெற்ற ஸ்தாபனத்தின் கதி அதுவானால், அறைக்குப் பலர் படுக்கும் சாதாரண விடுதிகளைப் பற்றிக் கேட்பானேன்?

ஆகவே செய்யத் தக்கது என்ன? வீட்டில் இடமும் உணவும் இல்லாதவருக்காக விடுதியின் ஒரு பகுதியையாவது, ஆட்களைக் குறைத்து, திறந்து வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்படுகிறவருடைய உணவுப்படி அவரோடு வீட்டுக்குப் போகவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் கொடுத்த நியாயம் இவருக்கும் பொருந்தும். ஒவ்வோர் ஆசிரியரிடமும் இருபது பிள்ளைகளின் பெயரும் ஊரும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவர் விசாரிக்கட்டும், அலை எட்டாத ஊருக்குக் கடிதமாவது போடட்டும். தபால்காரர் ஏறாத மலையில்லை. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. அந்த எண்ணைக் கலாசாலைச் சுவரோடு நிறுத்தாமல் மலையூர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்திலும் எழுதி வைக்கலாம்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு பெரிதல்ல. அடுத்த கல்வி வருஷம் தொடங்குமுன், மலையூர்களிலிருந்து வரும் தம் மாணாக்கரின் ஜாபிதாவைத் திண்டுக்கல் ஜில்லாக் கலாசாலைகள் தயாரிக்குமா என்று கேட்கிறோம். ஆடலூர்ப் பிள்ளைகளின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.