இக்கான் பிலிஸ் குஞ்சு மீனா?

தெலுக் இந்தான் - பாசாரில் இக்கான் பிலிஸ் வாங்கும்போது, "பெரிய மீனோட குஞ்சு, பாவம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. நெத்திலி தனி மீன் இனம். நன்கு வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு விரல் நீளம்தான் இருக்கும். பொடி பிலிஸ் நெத்திலியின் குஞ்சாக இருக்கலாமே தவிர, வேறு பெரிய மீனின் குஞ்சல்ல.

சாளை, தம்பான், தெருபோக், மீன் உருண்டைக்குப் போகும் இக்கான் பாராங் எல்லாம் நெத்திலிக்குச் சொந்தம்தான். இந்த வரிசையில் சுமார் 400 வகைகள் உள்ளன. நெத்திலியை அடையாளம் காண வாயைப் பார்த்தால் போதும். கண்ணையும் தாண்டிப் பிளக்கும்; மூக்கு முன்னால் துருத்தி நிற்கும். சாளையின் வாய் சிறியது. டின் மீன் வாங்குவோர் லேபலையும் படிக்க வேண்டும். 'மாக்கரல்' என்றிருந்தால் அது சார்டின் குடும்பமே அல்ல.

பேராக்கில் பிலிஸுக்குப் பெயர்பெற்ற இடம் பங்கோர் தீவு. நெத்திலி பிடிபட்டதும் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் படகிலேயே உப்பு நீரில் அவித்து, கரைக்கு வந்ததும் வெயிலில் காயவைக்கிறார்கள். கருவாட்டில் உப்பு தூக்கலாக இருப்பது இதனால்தான்.

கூட்டமாகத் திரிவதால் இந்த மீன்களை அள்ளுவது எளிது, அழிப்பதும் எளிது. பெரு நாட்டில் 1970-இல் ஒரு கோடி டன்னுக்கும் மேல் நெத்திலி பிடித்தார்கள். 1972-இல் கடல் சூடேறியதும் அந்தத் தொழில் சரிந்தது. சரவாக்கின் தெருபோக் கதை வேறு. அது முதலில் ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறும். பெரிய மீன்கள் பெண்கள். சதையைவிட அவற்றின் முட்டைக்கே விலை அதிகம். பெரிய மீன்களையே தேடிப் பிடித்தால் முட்டையிட எது மிஞ்சும்? தெருபோக்கின் உறவான உல்லம் ஒரு காலத்தில் காவிரியில் ஏறியது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் அந்த வழி அடைபட்டது.

முள்ளோடு மென்று தின்பதால் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து நிறையக் கிடைக்கிறது. இரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் சம்பாலுக்கு முன் பிலிஸைத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசினால் உப்பு ஓரளவு இறங்கும். பொரிப்பதற்கு முன் நன்றாக உலர்த்தாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். குழம்பில் போடுகிறவர்கள் தனியாக உப்புச் சேர்க்கும் முன் ருசி பார்ப்பது நல்லது.